மணிக்கூட்டுக்கு வாங்கின கப்பல்

நல்லரத்தினம் அந்தக் கப்பலை ஒரு மணிக்கூட்டுக்கு வாங்கினார்.

கப்பல் என்று சொன்னது அவர் ஒருவர்தான். மட்டக்களப்பில் மிச்சமிருந்த அத்தனை பேரும் வள்ளம் என்றார்கள். இருபத்துநாலு அடி நீளம். நடுவில் ஒரு பாய்மரம். முழங்காலில் தவழ்ந்து உள்ளே போனால் இரண்டு பேர் படுக்க ஒரு பலகை அறை, அதன் மூலையில் ஒரு பூனை நின்று தேத்தண்ணி ஊற்றுமளவுக்கு ஒரு குசினி. டென்மார்க்குக்காரர் ஒருவர் அதைத் தன் கையால் கட்டி, உலகத்தில் பாதியைச் சுற்றி, சமாதானம் சமாதானம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் முகத்துவாரத்தால் வாவிக்குள் புகுந்து நங்கூரம் போட்டவர். நண்டுக்கறிக்கு மயங்கி இரண்டு வருடம் நங்கூரத்தைத் தூக்கவேயில்லை. கடைசியில் அதைத் தூக்கியது அவர் அல்ல, கடல்.

மணிக்கூட்டுக்கும் ஒரு கதை உண்டு. நல்லரத்தினம் பஸ் டிப்போவில் முப்பத்துநாலு வருடம் ரைம்கீப்பர். அவர் விசில் ஊதினால் பஸ் மட்டுமல்ல, மதிலில் குந்தியிருக்கிற காகமும் புறப்படும். ஓய்வுபெற்ற நாளில் சாரதிமார் காசு சேர்த்து அவர் கையில் கட்டிவிட்டது அந்த மணிக்கூடு. தங்கப்பூச்சு. தண்ணீருக்குள்ளும் ஓடும் என்று பின்புறத்தில் எழுதியிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் அதிர்ஷ்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. கடல் வந்த அன்று அவர் கடற்கரையில் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்லரத்தினம் களுவாஞ்சிக்குடியில், ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில், பஸ்கள் பிந்துவதைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். அருமையான பேச்சு. மூன்று பேர் நித்திரை கொண்டார்கள், நாலாவது ஆள் அழுதார். அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள்தான் கல்லடியில் அவருடைய வீட்டுக்கு முன்கதவால் வந்த கடல், பின்கதவால் போகும்போது பின்கதவையும் வீட்டையும் அவர் மனைவி வதனியையும் கொண்டுபோனது. அடுத்த வீட்டில் ஐந்து பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

பஸ் இல்லை. நடந்தார், ஓடினார், யாருடையதோ சைக்கிளில் தொற்றினார். பின்னேரம் நாலு மணிக்கு, வாவிக்கு அங்கால், பாலமீன்மடுப் பக்கத்தில், சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்ணா மரப் பற்றைக்குள் அவளைக் கண்டார். டென்மார்க்குக்காரரின் வெள்ளை வள்ளம் சரிந்து சேற்றில் கிடந்தது. அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்து, ஒரு கையை மேலே வைத்தபடி வதனி இருந்தாள். உப்புத் தண்ணீர் குடித்துத் தொண்டை அடைத்துப்போயிருந்தது. வாய் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

நல்லரத்தினம் மனைவியைக் கட்டிப்பிடிக்கவில்லை. வெட்கம். வள்ளத்தைக் கட்டிப்பிடித்தார்.

"அம்மாளாச்சி! இவளக் காப்பாத்தின வள்ளத்த நானே திருத்துவன். இவள அதில ஏத்தி, முகத்துவாரம் கடந்து, கடலுக்குள்ள போய்த் திரும்பி வந்து, உனக்குப் பொங்கிப் படைப்பன். இது சத்தியம்!"

தனியாகச் சொல்லியிருந்தால் அம்மனோடு பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் மாட்டைத் தேடி அதே பற்றைக்குள் வந்து நின்றவர் வினாயகமூர்த்திக் கட்டாடியார், கண்ணகை அம்மன் கோயிலில் சடங்கு நடத்துகிறவர். அவர் காதால் கேட்ட நேர்த்திக்கடனை அம்மன் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

"நான் கேட்டிட்டன்கா," என்றார் கட்டாடியார், மாட்டுக் கயிற்றைத் தோளில் போட்டபடி. "முடிச்சிரோணும்."

வதனி கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், வள்ளத்தைக் காட்டினாள், வாவியைக் காட்டினாள். பாவம், பயந்துபோய் இருக்கிறாள் என்று நல்லரத்தினம் நினைத்தார்.

அவளுக்குக் குரல் திரும்ப மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளைக்குள் அவர் டென்மார்க்குக்காரரைத் தேடிப் பிடித்துவிட்டார். மனிதர் ஒரு பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில், கையில் கட்டோடு, கொழும்புக்குப் போகிற வாகனத்துக்குக் காத்திருந்தார். எல்லாம் போய், நேரம் என்ன என்று பார்க்கக்கூட ஒரு மணிக்கூடு இல்லாமல் இருந்தார். நல்லரத்தினம் தன்னுடையதைக் கழற்றி அவர் கையில் கட்டினார். டென்மார்க்குக்காரர் ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையில் வள்ளம் இன்னாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நல்லரத்தினத்தை நீண்ட நேரம் பார்த்தார். தன் தலையில் இருந்த பாரம் இன்னொருவன் தலைக்கு மாறுவதைப் பார்க்கிற பார்வை. அது நன்றி என்று நல்லரத்தினம் எடுத்துக்கொண்டார்.

குரல் வந்ததும் வதனி கேட்ட முதல் கேள்வி: "மணிக்கூடு எங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது முகம் பெற்றோல்மக்ஸ் மாதிரிப் பிரகாசித்தது. வீடு போய், ஊர் போய், மூன்று நாளாகச் செத்தவன் போலத் திரிந்த மனிதர் அவர். வதனி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"சரி," என்றாள்.

இந்தச் 'சரி'க்கு அவள் ஐந்து வருடம் விலை கொடுத்தாள்.

பழைய பாய்வள்ளம் ஒன்றை வைத்துப் பராமரிப்பது என்றால் என்ன என்று, அப்படிச் செய்யாதவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. கடலுக்குள் ஒரு ஓட்டையைத் தோண்டி, அந்த ஓட்டையைச் சுற்றி மரத்தை வைத்து, அந்த மரத்துக்குச் சோறு போடுவது போல ஒரு வேலை. முதலில் அதைச் சேற்றிலிருந்து இழுத்து எடுக்க நாற்பது பேர் வந்தார்கள். நல்லரத்தினம் சொல்லும்போது நானூறு பேர். பாலமீன்மடுக் கரையில், அவர்களுக்குக் கொடுத்த தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில், தென்னங்குற்றிகளுக்கு மேல் அது ஏறியது. தகரக் கொட்டிலுக்குள் பகலில் அப்பளம் பொரிக்கலாம், அவ்வளவு வெக்கை. வதனி வள்ளத்தின் நிழலில் இருந்து சமைத்தாள். வள்ளத்துக்கு ஊரார் 'வெள்ளைக்காரி' என்று பேர் வைத்தார்கள்.

"இஞ்சருங்க, உங்கட வெள்ளைக்காரிக்கு இண்டைக்கு எந்த இடத்தில வருத்தம்?" என்பாள் வதனி.

எல்லா இடத்திலும் வருத்தம். என்ஜின் உப்பில் இறுகி ஒரே கட்டியாகிவிட்டது. அதைக் கழற்றிக் கயிறு கட்டி நங்கூரமாக்கினார். பாயை எலி தின்றது. நிவாரணக் கூடாரத் துணியால் வதனி கிழிசலுக்குப் பொத்துப்போட்டாள். பொத்து வளர்ந்து வளர்ந்து, கடைசியில் அது பாயா, கூடாரமா என்று கூடாரத்துக்கே தெரியாது. பலகைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளுக்குள்ளால் நிலவைப் பார்க்கலாம். அந்த இடைவெளிகளுக்குப் பஞ்சுத்திரி அடித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்ற வேண்டும். அதற்குக் கலப்பத்து அடிக்கிற ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் காத்தான்குடிப் பாறூக். அறுபது வயது, தாடி வெள்ளை, விரல்கள் குங்கிலியத்தில் கறுத்தவை. கடல் வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, காணாமல்போன தன் வள்ளத்தைத் தேடிக்கொண்டு அந்தக் கரைக்கு வந்தவர். வதனியோடு ஏதோ நெடுநேரம் கதைத்தார். பிறகு நல்லரத்தினத்திடம் வந்து, வெள்ளைக்காரியைச் சுற்றி மூன்று தரம் நடந்து, சுட்டுவிரலால் தட்டிப் பார்த்தார்.

"ரைம்கீப்பர், இது வள்ளமில்ல. இது புழுவுக்குக் கட்டின கலியாண மண்டபம்."

"திருத்த ஏலுமா, ஏலாதா?"

பாறூக் வதனியைப் பார்த்தார். வதனி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைப் பார்த்தாள்.

"திருத்தத்தானே வேணும்," என்று பெருமூச்சு விட்டார் பாறூக். "நேர்த்தி எண்டு சொன்னீங்க. உங்கட அம்மாளோட எனக்கு என்னத்துக்குப் பொல்லாப்பு?"

"உங்கட வள்ளம் கிடைச்சிதா?"

"கிடைச்சிது, கிடைச்சிது. அங்கால ஒரு வயல் வரம்பில. பின்பக்கம் உடைஞ்சி. கவிட்டுப்போட்டுக் கோழி வளக்கிறன்."

கூலி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வந்தார். வந்து திட்டுவதையே கூலியாக எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறந்தது. தைமாதம் அடைத்ததை ஆனியில் வெயில் வெடிக்க வைத்தது. ஆனியில் அடைத்ததைக் கார்த்திகை மழை ஊதிப் பெருக்க வைத்தது. நல்லரத்தினம் சுரண்டினார், உரைத்தார், பூசினார், மறுபடி சுரண்டினார். படுத்தால் விரல்கள் தாமாகவே பாயைச் சுரண்டின. ஒருநாள் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கனவில் வதனியின் முதுகை உரைத்து, அடி வாங்கினார்.

பிறகு சண்டை திரும்பி வந்தது. வாவியில் வள்ளம் விடப் பாஸ். என்ஜின் தடை. முகத்துவாரத்துக்குக் கிட்டப் போகத் தடை. ஒரு மத்தியானம் உடம்பில் சீருடையும் தோளில் துவக்குமாக வந்தவர்கள் பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"இது அன்ரனாவா?"

"இல்ல ஐயா. காத்துக்கு."

"காத்தோட யாரோட கதைக்கிற?"

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றார். அவர்கள் போனதும் வதனி பாய்மரத்திலிருந்து கொட்டிலுக்குக் கொடி கட்டி, சீலை காயப்போட்டாள். அதன்பிறகு அது அன்ரனா இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த கிழமை வாவிக்கு அங்கால் இருந்து வேறு சிலர், அவர்களும் துவக்கோடுதான், வந்து, இது எத்தனை மூட்டை தாங்கும் என்று கேட்டார்கள். நல்லரத்தினம் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒன்றும் கூட்டாமல் உண்மையைச் சொன்னார்.

"தம்பி, இது தன்னையே தாங்காது."

அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அனுதாபத்தோடு போனார்கள்.

வள்ளத்தைப் பதியக் கந்தோருக்குப் போனால் படிவத்தில் இரண்டு கட்டம் மட்டும் இருந்தது: மீன்பிடி, போக்குவரத்து. 'நேர்த்தி' என்று ஒரு கட்டம் இல்லை. இலிகிதர் சிரித்துச் சிரித்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கிழமை வாங்க என்றார். அந்த அடுத்த கிழமை இரண்டு வருடம் நீண்டது.

வாகரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தபோது பள்ளிக்கூடங்களில் இடமில்லை. ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு நாலு பேர், வெள்ளைக்காரியின் பலகை அறைக்குள் மூன்று மாதம் இருந்தார்கள். பூனைக் குசினியில் பால்மா கரைத்தார்கள். பாய்மர அடியில் பிள்ளை தூங்க ஏணை கட்டினார்கள். அந்த மூன்று மாதமும் நல்லரத்தினம் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை, பிள்ளை எழும்பிவிடும் என்று. அவர்கள் திரும்பிப் போன நாளில் உள்ளே போய்ப் பார்த்தார். அறையைக் கூட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தார்கள். அவர் வெளியே வந்து, வேலையில் கைவைக்காமல், அன்று முழுக்கச் சும்மா இருந்தார்.

பாறூக் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். கீழே, ஏரா என்கிற அடிமரத்துக்குப் பக்கத்தில், இரண்டு முழம் உளுத்துப் பொடியாக உதிர்ந்தது. பலகை எடுக்க எங்கே போவது? காட்டுப் பாதை மூடிக்கிடந்தது. மரக்காலையில் சவப்பெட்டிக்கு மட்டும் மரம் இருந்தது. மூன்றாம் நாள் பாறூக் சைக்கிளில் ஒரு பலகை கட்டிக்கொண்டு வந்தார். புன்னை. நல்ல நீலப் பூச்சு.

"எங்கால இது?"

"கோழிக்கூட்டில இருந்து கழட்டின. கோழிக்கு என்னத்துக்குப் புன்னை?"

வதனி அடுப்பில் இருந்த பானைக்குள் தலையைவிட்டு, சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நீலப் பலகை ஒரு அதிசயம். அதற்கு மேல் எத்தனை பூச்சு வெள்ளை அடித்தாலும் ஒரு மாதத்தில் உரிந்து நீலம் வெளியே வந்தது. ஒழுகவும் இல்லை. தண்ணீரில் இறக்கிச் சோதித்த ஒவ்வொரு முறையும் வெள்ளைக்காரி அரிதட்டு மாதிரிப் பொழிந்தாள், நீலப் பலகை மட்டும் உலர்ந்து கிடந்தது. "மிச்சத்தையும் கோழிக்கூட்டில கட்டியிருக்கலாம்," என்பார் நல்லரத்தினம்.

வைகாசி தோறும் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு வரும். வைகாசி தோறும் கட்டாடியார் வேப்பிலைக் கட்டோடு எதிரே வருவார்.

"என்னகா, முடிஞ்சிதா?"

"இல்ல. முகத்துவாரத்தில பாஸ் இல்ல."

"அம்மனுக்குப் பாஸ் தெரியா. பாத்துச் செய்."

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் வடக்கே எல்லாம் முடிந்தது என்று றேடியோ சொன்னது. பட்டாசுச் சத்தம் எங்கோ கேட்டது. பாலமீன்மடுவில் ஒருவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. அந்தச் சடங்கில் பெண்கள் யார் யார் பேரையோ சொல்லி அழுதார்கள். கட்டாடியார் நல்லரத்தினத்துக்குத் திருநீறு போட்டார். அந்த வருடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதைவிட அது பாரமாக இருந்தது.

மார்கழி மழையில் வாவி பெருகி வயல்வட்டைகளுக்குள் ஏறியது. வெள்ளாண்மை அழுகிவிடும் என்று சனம் கூடி முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டது. வாவி கடலுக்குள் பாய்ந்தது. தை பிறந்ததும் நல்லரத்தினம் பிஸ்கட் மட்டையோடு கடற்படை முகாமுக்குப் போனார். மேசைக்கு அங்கால் இருந்த சிங்கள அதிகாரி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தேவைக்கு?"

"நேர்த்தி ஐயா. கண்ணகை அம்மனுக்கு."

"கண்ணகை? பத்தினி அம்மாவா?" அதிகாரி நிமிர்ந்தார். "எங்கட ஊரிலயும் இரிக்கிறாங்க. என்ட அம்மா பாற்சோறு வைப்பாங்க. நேர்த்தி வைச்சு எவ்வளவு காலம்?"

"அஞ்சு வருசம்."

அதிகாரி நாக்கைக் கடித்தார். "அஞ்சு வருசம் கூடாதே! பயம் இல்லையா?" உடனே கடதாசி எடுத்து எழுதினார். ஒரே ஒரு நாள். காலை ஆறு மணியிலிருந்து பகல் பன்னிரண்டு வரை. மூன்று பேர். கந்தோரில் கிடைக்காத கட்டத்தை அவர் தன் கையாலேயே வரைந்து, அதற்குள் 'பூசை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

அந்த ஒரு நாள் விடிந்தது. வெள்ளைக்காரி வாவியில் மிதந்தாள், அதாவது மூழ்காமல் இருந்தாள். பாறூக் முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தார். தரைக்காற்று மெல்ல முகத்துவாரத்தை நோக்கி வீசியது. நல்லரத்தினம் வெள்ளைச் சேட்டுப் போட்டு, கரைச் சேற்றில் கப்டன் மாதிரி நின்று, பழைய டிப்போ விசிலை ஊதினார்.

"ஏறு புள்ள!"

புதுச் சீலை கட்டி, பொங்கல் பானையை இடுப்பில் வைத்தபடி வதனி கரையிலேயே நின்றாள். அசையவில்லை.

"ஏறு வதனி. நேரம் போகுது."

"எனக்கு ஏலா."

"பயமா? பயப்படாத. ஒழுகினாலும் வாளி இரிக்கி."

"பயமில்ல. கடலுக்கு முன்னால பொய்யோட போக ஏலா." பானையை மணலில் வைத்தாள். "இஞ்சருங்க. என்னக் காப்பாத்தினது இது இல்ல."

நல்லரத்தினத்தின் வாயில் விசில் இருந்தது. அது தானாக மெதுவாக ஒரு தரம் ஊதியது.

"என்ன?"

"இது இல்ல. நான் வந்தது வேறொரு வள்ளத்தில. அது என்னக் கண்ணாவுக்குள்ள தள்ளிப்போட்டுத் தண்ணியோட போயிட்டு. நான் ஏறிவந்து, சாய இடமில்லாம, இதில சாஞ்சிருந்தன். அவ்வளவுதான். நீங்க வந்து இதக் கட்டிப்பிடிச்சீங்க."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

"எந்த வாயால? மூண்டு நாள் எனக்குக் குரல் இல்ல. குரல் வரக்குள்ள உங்கட கையில மணிக்கூடு இல்ல."

நல்லரத்தினம் சேற்றில் குந்திவிட்டார், வெள்ளைச் சேட்டோடு. ஐந்து வருடம். சுரண்டின பூச்சு எல்லாவற்றையும் சேர்த்தால் கல்லடிப் பாலத்தையே மூடலாம். உடம்பில் எந்த மூட்டு நோகவில்லை என்று தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவருக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்ப என்ட மணிக்கூடு?"

பாறூக் பொறுக்கமாட்டாமல் சிரித்து, அதை இருமலாக்கப் பார்த்து, இரண்டும் கலந்து புரையேறி, கயிற்றை விட்டுவிட்டு மறுபடி பாய்ந்து பிடித்தார்.

"உமக்கும் தெரியுமா?" என்றார் நல்லரத்தினம்.

"தெரியாம? தங்கச்சி வந்தது என்ட வள்ளத்தில! நீலம், முன்பக்கம் ஒரு பிறை கீறினது. நான் தேடிவரக்குள்ள அடையாளம் சொன்னது அவதான். உங்களுக்குச் சொல்லப்படாது எண்டு சத்தியம் வாங்கிப்போட்டா. மனுசன் இத வைச்சித்தான் எழும்பி நடக்கிறார், விடுங்க எண்டா. நானும் அஞ்சு வருசமா இந்தப் புழுக்கூட்டுக்குத் திரி அடிக்கிறன். என்ட பாடு எப்பிடி?"

"நீலம்," என்றார் நல்லரத்தினம்.

அவர் எழும்பி, தண்ணீருக்குள் நடந்து, வள்ளத்தில் ஏறி, பலகை அறைக்குள் தவழ்ந்தார். அடியில் ஒரு சாண் தண்ணீர் கிடந்தது. ஏராவுக்குப் பக்கத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டு போனார். நீலப் பலகை ஒட்டின அந்த இரண்டு முழத்தில் மட்டும் ஒரு சொட்டும் கசியவில்லை.

வதனி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தாள். "நான்தான் கழட்டிக் கொண்டுவரச் சொன்ன. எப்பிடியெண்டாலும் நேர்த்தி பொய்யாகப்படாதெண்டு. மறுகா, உங்களுக்குத் தெரியாம முடிச்சா அது முடிஞ்சதில்ல எண்டு மனசு அடிச்சிது."

உள்ளேயிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது: "அண்டைக்கு என்ன நடந்த?"

ஐந்து வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. கேட்டால், நீங்க எங்க இருந்தீங்க என்று அவள் திருப்பிக் கேட்பாள் என்று பயம். அவளுக்கும் அது தெரியும்.

"அடுப்படியில இருந்தன். தண்ணி தூக்கிட்டு. கையில அகப்பட்டது அந்தப் பலகைதான், வள்ளத்தின்ர விளிம்பு. நகம் ரெண்டு அதிலதான் போன. ஏறிப் படுத்திட்டன். வானத்தப் பாத்துக்கிட்டே போனன்." அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "நீங்க இல்லையெண்டு நான் ஒருநாளும் கோபிக்கல்ல. நீங்க இருந்திருந்தா? உங்களுக்கு நீந்தத் தெரியா. உங்களையும் நான்தான் இழுத்திரிக்கோணும்."

பலகை அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பாறூக்கால் தீர்மானிக்க முடியவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"ரைம்கீப்பர், பன்னிரண்டு மணியோட கடதாசி செல்லாது. இப்ப என்ன நேரம்?"

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரிடமும் மணிக்கூடு இல்லை.

"போகிற நேரம்," என்றாள் வதனி. பானையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

பாய் விரிந்தது. கூடாரத் துணியில் பாதி அழிந்த எழுத்துகள் காற்றில் உப்பின. வாவி நீரோட்டம் பிடித்து இழுக்க, வெள்ளைக்காரி முகத்துவாரத்தை நோக்கி, போகலாமா வேண்டாமா என்று ஆடி ஆடிப் போனாள். திட்டில் அலை உடையும் இடத்தில் முன்பக்கம் தென்னைமர உயரத்துக்கு எழும்பியது. இது நல்லரத்தினம் பிறகு சொன்ன கணக்கு. பாறூக் சொன்னபடி ஒரு கதிரை உயரம். தண்ணீர் மூன்று பக்கத்தாலும் உள்ளே வந்தது. வதனி வாளியை எடுத்து இறைத்தாள். நல்லரத்தினம் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு ஒரு தூக்கு, ஒரு இறக்கம், அலைச் சத்தம் பின்னுக்குப் போனது. நீளமாக, அகலமாக, ஒன்றும் நடக்காதது போலக் கடல் கிடந்தது.

வதனி இறைப்பதை நிறுத்திக் கரையைப் பார்த்தாள். தென்னைகளுக்கு நடுவில் ஒரு வெளி. அதுதான் அவர்கள் வீடு இருந்த இடம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு வெளி, ஐந்து பேர் இருந்த வீடு. வெகுநேரம் பார்த்தாள்.

"பாத்தாச்சு," என்றாள். "திருப்புங்க. எனக்குக் குமட்டுது."

திரும்பினார்கள். கடற்காற்று எழும்பி அவர்களை உள்ளே தள்ளியது. கரையில் கட்டாடியார் மாட்டுக் கயிற்றோடு நின்றார். அந்த மாடு இன்னும் கிடைக்கவில்லையோ, அல்லது வேறு மாடோ தெரியாது. நல்லரத்தினம் சேற்றில் குதித்தவுடனேயே முழுவதையும் கொட்டினார்: வேறு வள்ளம், நீலப் பலகை, பிறை, எல்லாம். இந்த நேர்த்தி செல்லுமா?

கட்டாடியார் வள்ளத்துக்குள் குனிந்து நீலப் பலகையைப் பார்த்தார், வதனியின் விரல்களைப் பார்த்தார்.

"காப்பாத்தின வள்ளத்தத் திருத்துவன் எண்டுதானே சொன்ன நீ? ஏத்தினது சரி. கடலுக்குப் போனது சரி. இனிப் பொங்கினா அதுவும் சரி." கயிற்றைத் தோளுக்கு மாற்றினார். "ஆனா திருத்தினது வேற வள்ளத்தயல்லோகா?"

அதனால்தான் மறுநாள் காலையில் காத்தான்குடியில், பாறூக் வீட்டு வளவில், ஓய்வுபெற்ற ரைம்கீப்பர் ஒருவர் பஞ்சுத்திரியும் குங்கிலியச் சட்டியும் உளியும் சுத்தியலுமாக ஒரு கோழிக்கூட்டுக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தார். கவிழ்ந்து கிடந்த நீல வள்ளத்தில் ஒரு பலகை இல்லாத இடத்தால் மழை உள்ளே போய்க்கொண்டிருந்ததாம், மூன்று வருடமாக.

"கோழியெல்லாம் தடிமனோட தும்மித் திரியுது," என்றார் பாறூக், கதிரையில் கால்மேல் கால் போட்டபடி. "நல்லா அடிங்க ரைம்கீப்பர். கோணலா அடிக்காதீங்க. நான் உங்களுக்கு அப்பிடியா அடிச்ச?"

வதனி கொடுத்துவிட்ட பொங்கல், வாழையிலையில் பொதிந்து, நல்லரத்தினத்தின் பக்கத்தில் இருந்தது. அம்மனுக்குப் படைத்ததில் ஒரு பிடி, இந்த வள்ளத்துக்கும் என்று சொல்லியிருந்தாள்.

"அத உங்கட வளவில வைக்கலாமா காக்கா?" என்று பாறூக்கை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் நல்லரத்தினம்.

பாறூக் யோசித்தார். "வைங்க. எனக்கில்லத்தானே, கோழிக்கு."

நல்லரத்தினம் இலையை விரித்து, பிறை கீறின முன்பக்கத்துக்குக் கீழே வைத்தார். ஒரு சாவல் வந்து, தலையைச் சரித்து அவரைப் பார்த்துவிட்டு, சாப்பிடத் தொடங்கியது. அவர் முதுகை நிமிர்த்தி, நோகிற இடத்தைக் கையால் பிடித்து, பிறகு குனிந்து அடுத்த இடைவெளிக்குத் திரியை வைத்தார்.